உனக்கு ஆகாத மருந்து

ஐயா, போனில் நான் சொல்லத் தொடங்கி, நீ சிரித்து, அதற்குள் ஆபீஸிலிருந்து யாரோ கூப்பிட, "அப்புறம் பேசுறேன் பா" என்று நீ வைத்துவிட்ட பேச்சு ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. கல்யாண வேலை, புது வீடு பார்க்கிற வேலை, தினமும் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் வருகிற அலைச்சல், எல்லாம் எனக்குத் தெரியும். கோபம் இல்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நீ அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் டிவி ஓடுகிறது. நான் பார்க்கவில்லை, வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கிற சத்தம் இருக்கட்டும் என்று போட்டு வைத்திருக்கிறேன்.

எல்லாம் உன் கல்யாணப் பத்திரிகையில்தான் ஆரம்பித்தது. பெண்டாங்கில் இருக்கும் உன் சித்தப்பாவுக்கு நேரில் கொடுத்தால்தான் மரியாதை என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனேன். அறுவடை முடிந்து வயலில் வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். போகும்போது புகை, வரும்போது மழை. மறுநாளே மூக்கில் தண்ணீர், இருமல், லேசான காய்ச்சல். நீ போன் செய்தபோது நான் இருமியது உனக்குக் கேட்டுவிட்டது. "பா, எங்கிட்ட நல்ல மருந்து இருக்கு. போன மாசம் எனக்கு உச்சா போற எடத்துல இன்ஃபெக்‌ஷன் வந்தப்ப குடுத்தாங்க. ரெண்டு நாள்லயே கேட்டுடுச்சு. மிச்சத்த அனுப்புறேன்" என்றாய். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால், நீ ஒன்று அனுப்புகிறேன் என்று சொல்லும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூரியரில் வந்தது. உன் கையெழுத்தில் என் பெயர். உள்ளே மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு காகிதம், அதில் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று நீ எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே கோணல் எழுத்து, இன்ஜினியர் ஆகியும் திருந்தவில்லை. அந்தக் காகிதத்தை இன்னும் எறியவில்லை. மாத்திரையை ஆரம்பித்தேன். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. காலையில் நீ கூப்பிட்டாய். "மருந்து போட்டியா பா?" போட்டேன் என்றேன். ராத்திரி மறுபடி கூப்பிட்டாய். "போட்டியா?" போட்டேன் யா. அவ்வளவுதான் பேச்சு, அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் உன் அம்மா போன பிறகு, ஒரே நாளில் இரண்டு தடவை என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். தலை லேசாகச் சுற்றியபோதும், சோறு பிடிக்காமல் போனபோதும், குதிகாலுக்கு மேலே இழுத்துப் பிடித்து வலித்தபோதும் நான் நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் நீ கூப்பிடுவதும் நின்றுவிடுமே என்று பயம். கால் வலிக்கு, இத்தனை வருசம் லோரியில் கிளட்ச் மிதித்துத் தேய்ந்த கால் வேறு எப்படி இருக்கும் என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

நம் வீட்டு வரிசையின் கடைசியில் மேசை போட்டு நாசி லெமாக் சோறு விற்கும் பார்வதியை உனக்குத் தெரியும். ஒரு காலையில் அவளிடம் பொட்டலம் வாங்கப் போனேன். அதற்கு முதல் நாள் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் இனிப்பு நீர் வியாதிக்கு எப்போதும் போடும் மாத்திரையைப் போட்டிருந்தேன், நீ அனுப்பியதையும் போட்டிருந்தேன். அவள் மேசை முன்னால் நின்றதுவரை நினைவிருக்கிறது. அப்புறம் நடந்தது அவள் சொல்லித்தான் தெரியும். பணத்துக்குப் பதிலாக வீட்டுச் சாவியை நீட்டினேனாம். "அண்ணே, இது சாவி லா. என்னா இப்படி வேர்க்குது? மழயில நனஞ்ச மாதிரி இருக்கீங்க!" என்றாளாம். மிச்சக் காசு எங்கே என்று நான் சண்டை பிடித்தேனாம். அவள் புத்திசாலி. என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, டின் பாலை அள்ளி ஊற்றி ஒரு தேத்தண்ணி கலக்கி, சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல வாயில் வைத்துக் குடிக்க வைத்து, மருமகனின் காடியில் ஏற்றி அரசாங்க கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். விரலில் குத்திப் பார்த்தால் ரத்தத்தில் இனிப்பு ஏகத்துக்கும் இறங்கிப் போயிருந்தது. கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கே அரை நினைவில் நான் என்ன பேசினேன் என்பதையும் பார்வதிதான் பிறகு சொன்னாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

தெளிந்த பிறகு, மருந்து கொடுக்கும் பிரிவிலிருந்து நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பார்வதி என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாத்திரை அட்டை அவள் கையில் இருந்தது. "அங்கிள், இந்த மருந்த யாரு குடுத்தா?" என்றாள். "என் மகன்மா." "மகன் டாக்டரா?" "இல்லமா, இன்ஜினியர்." அவள் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்த மாதிரி இன்ஜினியர்?" "பாலம் கட்டுறவன்." "அப்ப அவரு பாலத்துக்கு மருந்து குடுக்கட்டும் அங்கிள். உங்களுக்கு நாங்க குடுக்குறோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

அவள் சொன்னதை உனக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எனக்கு மட்டும் உள்ள பாடம் இல்லை. நீ அனுப்பியது ஆன்டிபயாட்டிக். பாக்டீரியா என்கிற கிருமியைக் கொல்வதற்கு உள்ள மருந்து. உனக்கு வந்த நோய்க்கு அதைக் கொடுத்தது சரி. எனக்கு வந்தது மழையில் நனைந்த சளிக்காய்ச்சல், அது வேறு வகைக் கிருமி, வைரஸ். அதற்கு இந்த மருந்தால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. "அடிக்க ஆளே இல்லாத வீட்டுக்கு அடியாள அனுப்பியிருக்காரு உங்க மகன்" என்றாள். வந்த அடியாள் சும்மா திரும்பிப் போகாமல் என்னை அடித்துவிட்டான். இந்த மருந்து, இனிப்பு நீருக்குப் போடும் சில மாத்திரைகளோடு சேர்ந்தால், வயதானவர்களுக்கு இனிப்பு தடாலென்று இறங்கிவிடுமாம். குதிகால் வலி இருக்கிறதா என்று அவளே கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வகை மருந்து சிலருக்குத் தசைநாரைப் பிடித்து இழுக்குமாம், அறுந்துபோவதும் உண்டாம். வலி கண்ட உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் வந்திருக்க வேண்டுமாம். நான் பாவம் அந்தக் கிளட்ச்சின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அவள் இன்னொன்று கேட்டாள். "மிச்சம் எப்படி அங்கிள் வந்துச்சு? முழுசா போட்டு முடிங்கன்னு சொல்லித்தானே குடுத்திருப்பாங்க?" வேலைப் பளுமா, சுகமானதும் மறந்திருப்பான் என்று உனக்காக வக்காலத்து வாங்கினேன். சுகமான மாதிரி இருக்கிறதென்று நாமாக நிறுத்தினால், பாதி அடி வாங்கிய கிருமி பிழைத்துக்கொண்டு, அடுத்த தடவை அந்த மருந்துக்குப் பணியாமல் போகலாமாம். எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தார்களோ அதுவரை போட வேண்டும், ஒத்துக்கொள்ளாவிட்டால் போய்ச் சொல்ல வேண்டும், இரண்டும் இல்லாமல் அலமாரியில் வைத்து அப்பனுக்கு அனுப்பக் கூடாது. கடைசி வரி அவள் சொன்னதில்லை, நான் சேர்த்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு பயம் பிடித்தது. "இது பெனிசிலின் வகையா மா?" என்று கேட்டேன். "இல்ல அங்கிள், வேற. ஏன்?" "என் மகனுக்கு பெனிசிலின் ஆகாது. சின்ன வயசுல உசிரு போய் வந்தது." அவள் முகம் மாறியது. "அவருக்கு அது தெரியுமா?" தெரியாமலா என்று பெருமையாகச் சொன்னேன். சாயங்காலம் விஷயம் தெரிந்து நீ கூப்பிட்டாய். பாவம், நீ பயந்து போயிருந்தாய், மன்னிச்சிடு பா, மன்னிச்சிடு பா என்றாய். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, உனக்கு மருந்து எழுதிய டாக்டர் அலர்ஜி ஏதாவது இருக்கா என்று கேட்டாரா என்றேன். "கேட்டாரு பா." "என்ன சொன்ன?" "ஒன்னும் இல்லன்னு சொன்னேன்." பெனிசிலின் என்று நான் ஆரம்பித்ததும் நீ சிரித்தாய். "அதெல்லாம் சின்ன வயசுல பா. இப்ப ஒன்னும் ஆகாது லா." அந்தச் சிரிப்போடுதான் அன்று போன் நின்றது.

சிரிக்கிற விஷயம் இல்லை ஐயா. நீ சின்னவன், உனக்கு நினைவிருக்காது. உனக்கு யாரும் முழுசாகச் சொன்னதும் இல்லை. நாம் அப்போது சுங்கை லாலாங் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் இருந்தோம். நான் ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டினேன், உன் அம்மா பால் வடிய மரம் வெட்டினாள். எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் இருந்தது. யாருக்காவது டவுன் கிளினிக்கில் கொடுத்த மருந்து மிச்சமானால் வீசமாட்டார்கள். வரிசையின் நடு வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும், அதில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். பொது டின். யாருக்கு என்ன வந்தாலும் கறிவேப்பிலை கேட்கிற மாதிரி அந்த வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள். பெயர் யாருக்கும் தெரியாது, நிறத்தை வைத்துத்தான் வைத்தியம். மஞ்சள் வயிற்றுக்கு, வெள்ளை தலைவலிக்கு, கறுப்புச் சிவப்புக் கூடு மாத்திரை சீழ் பிடிக்கிற எல்லாவற்றுக்கும். யாரும் யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்தது இல்லை. இருப்பதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், சோற்றைப் பங்கு போடுவதுபோல மருந்தையும்.

உனக்குத் தொண்டை கட்டி ஒரு காய்ச்சல் வந்தது. அம்மா அந்தக் கறுப்புச் சிவப்புக் கூட்டைத் திறந்து, பொடியைக் காகிதத்தில் கொட்டி, பெரியவர்கள் மருந்தென்று பாதியை ஒதுக்கிவிட்டு, மீதியை டின் பாலில் குழைத்து உன் நாக்கில் தடவினாள். ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சலும் விட்டது. அதனால்தான் அடுத்த தடவை அவளுக்குத் தைரியம் வந்தது. உன் முழங்காலில் புண் வந்து சீழ் வைத்தபோது அதே மருந்து, அதே டின் பால். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு லோரியோடு வந்தேன். வாசலில் அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். உன் உதடு பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது, கண் மூடிப்போயிருந்தது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் சத்தம். பால் நிறைந்த லோரியை அப்படியே திருப்பினேன். சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரி வரைக்கும் பிரேக்கை மிதித்தேனா என்றுகூடத் தெரியாது. வளைவில் பின்னால் பால் அலைமோதியது மட்டும் காதில் இருக்கிறது. கங்காணி பிறகு என்னைக் கேட்காத கேள்வியில்லை.

ஆஸ்பத்திரியில் மலாய்க்கார டாக்டர் ஒருவர், பிள்ளை என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். அம்மா தன் கையை விரித்தாள். காலியான கறுப்புச் சிவப்புக் கூடு இரண்டு துண்டாக வேர்வையில் ஒட்டிக்கொண்டு உள்ளங்கையில் இருந்தது. அவர் பார்த்ததும் புரிந்துகொண்டார். ஊசி போட்டார்கள், மூக்கில் காற்று வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உன் முகம் திரும்பி வந்தது. புறப்படும்போது ஒரு நர்ஸ் அம்மாவைப் பிடித்து ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தார். மலாயில் சந்தைக்குப் போய் மீன் விலை கேட்க மட்டும் தெரிந்த உன் அம்மா, லோரியில் வீடு வந்து சேரும்வரை அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "அனாக் சாயா தா போலே பெனிசிலின்." என் மகனுக்குப் பெனிசிலின் ஆகாது. வந்து இறங்கியதும் நேரே நடு வீட்டுக்குப் போனாள், அந்த பிஸ்கட் டின்னை எடுத்து அடுப்பில் கவிழ்த்தாள். லயமே அவளோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

அதற்கப்புறம் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லாத ஆள் இல்லை. தமிழ்ப்பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்த அன்று, தலைமையாசிரியர் தமிழர், அவரிடமும் மலாயில்தான் சொன்னாள். அது மலாயில் சொன்னால்தான் பலிக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. பல் டாக்டரிடம் சொன்னாள். தைப்பூசத்தில் முதலுதவிக் கூடாரத்தில் சொன்னாள், உன் காலில் முள்கூடக் குத்தவில்லை. யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் உன்னை விட்டு வரும்போது வார்டனைத் தேடிப் போய்ச் சொன்னாள். நீ முகத்தை மூடிக்கொண்டு, "போதும் லா மா, மானம் போகுது" என்றாய். நானும் உன் பக்கம் சேர்ந்து சிரித்தேன். இப்போது யோசித்தால் விளங்குகிறது. அவள் உனக்காக எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருந்ததால் நீயாகச் சொல்ல வேண்டிய தேவையே உனக்கு வரவில்லை. அவள் போனதும், சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

மருந்தைக் கண்டு பயப்படு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் கால் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது படிவம் மூன்று படித்துக்கொண்டிருந்தாய். லோரியின் பின்கதவு விழுந்து முழங்காலுக்குக் கீழே கிழிந்தது. லோரிக் கொட்டகையில் என்னோடு வேலை செய்த ஆட்கள், மருந்துக் கூட்டைத் திறந்து பொடியைக் காயத்தில் தூவிக் கட்டிவிட்டார்கள். ஆளாளுக்குச் செய்கிற வைத்தியம்தான். மேலே காய்ந்தது, உள்ளே அழுகியது. கால் தூண் மாதிரி வீங்கி, காய்ச்சலில் நான் பிதற்றத் தொடங்கியதும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். ஊசி வழியாக ஏற்றி என் காலைக் காப்பாற்றியது எது தெரியுமா? பெனிசிலின் இனத்து மருந்துதான். உன்னை அன்று கொல்லப் பார்த்த அதே இனம். ஆளுக்கு ஏற்ற மருந்து, நோய்க்கு ஏற்ற மருந்து, பார்த்துக் கொடுக்கிறவர் கொடுத்தால் அதைப் போல ஒரு தெய்வம் இல்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாய். நர்ஸ் எனக்கு ஊசி கொண்டுவந்தபோது அம்மா எழுந்து நின்று, "அனாக் சாயா தா போலே பெனிசிலின்" என்றாள். ஊசி எனக்கு, அவள் உன்னைக் காட்டிச் சொன்னாள். நர்ஸ் குழம்பிப் போனதும் நீயும் நானும் சிரித்ததும் நினைவிருக்கிறதா?

நீ சொன்ன வாதத்தையும், மறுபடி கிளினிக்குக்குப் போனபோது அந்த மருந்துக்காரப் பிள்ளையிடம் கேட்டுவிட்டேன். சின்ன வயதில் ஆகாமல் போனது பெரியவனான பிறகு ஆகலாமா? ஆகலாம் என்றாள். பல பேருக்கு வருசம் போகப் போக அந்த அலர்ஜி போய்விடுமாம். ஆனால் போய்விட்டதா இல்லையா என்று ஆஸ்பத்திரியில் வைத்து, கூட ஆள் இருந்து, சோதித்துத்தான் சொல்ல வேண்டும். நீ உன் வாயில் போட்டுப் பார்த்துச் சொல்லக் கூடாது. கல்யாணத்துக்கு முன்போ பின்போ ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு போய் அதைப் பார்த்துவிடு. அதுவரை இருக்கிறதென்றே வைத்துக்கொள். பெட்டியில் பெனிசிலின் என்று எழுதியிருக்காது, அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளாக்சசிலின் என்று பல பெயரில் வரும். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். உனக்கு என்ன நடந்தது என்பதைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற தர்ஷினியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அலோர் ஸ்டாரில் அவள் அப்பாவின் துணிக்கடையில் உட்கார்ந்து நாள் குறித்தபோது உன் நட்சத்திரம் கேட்டார்கள், ராசி கேட்டார்கள், பிறந்த நேரத்தை நிமிடம்வரை கேட்டார்கள். நானும் வாய் ஓயாமல் சொன்னேன். இதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நல்ல பிள்ளை அவள், வீட்டுக்கு வந்தபோது நான் தடுத்தும் கேட்காமல் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் சமையலறையில் பாடிக்கொண்டே கழுவிய சத்தம் ரெண்டு நாள் இந்த வீட்டில் இருந்ததுபோல் இருந்தது. என்றைக்காவது நீ பேச முடியாமல் படுத்திருந்தால், பக்கத்தில் நிற்கப் போகிறவள் அவள். அவளுக்குத் தெரிய வேண்டும். உன் அம்மா இருந்திருந்தால் தாலி கட்டும்போதே மேடையில் வைத்துச் சொல்லியிருப்பாள், ஐயரிடமும் சேர்த்து.

ஏனென்றால் ஐயா, இந்த உலகத்தில் இப்போது இதைப் பெரிய விஷயமாக நினைக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். அன்று பார்வதி தேத்தண்ணி கலக்கக் கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்த ஒருத்தனும் இருந்திருக்க மாட்டான். நீ ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பாய். கிளினிக்கில் நான் பேசியதாகப் பார்வதி சொன்னதை இப்போது எழுதுகிறேன். அரை நினைவில் கிடந்த என்னிடம் நர்ஸ் குனிந்து, உங்களுக்கு அலர்ஜி ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார். என் பெயர் எனக்குத் தெரியவில்லை. என்ன கிழமை என்று தெரியவில்லை. வீடு எங்கே என்று கேட்டால், விட்டு வந்து எவ்வளவோ காலமான லயத்தைச் சொல்லியிருக்கிறேன். அலர்ஜி என்று கேட்டதும் மட்டும், பளிச்சென்று, "அனாக் சாயா தா போலே பெனிசிலின்" என்றேனாம். உங்களுக்குத்தான் கேக்குறாங்க அண்ணே, உங்களுக்கு என்று பார்வதி உலுக்கியிருக்கிறாள். நான் மறுபடியும் அதையேதான் சொன்னேனாம். அந்த மலாய் வாக்கியத்தை அதற்கு முன் என் வாழ்நாளில் நான் ஒரு தடவையும் சொன்னதில்லை, எப்போதும் அவள்தான் சொல்வாள். எங்கே இருந்ததோ, எப்படி வந்ததோ. பார்வதி இதைச் சிரிப்பாகச் சொல்ல ஆரம்பித்தாள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுதேன்.

இனிமேல் மாத்திரை எதுவும் அனுப்பாதே. இருமல் வந்தால் கிளினிக்குக்குப் போகிறேன், பார்வதி கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். மருந்து போட்டியா என்று கேட்க வேண்டாம். வேறு எதையாவது கேள். சாப்பிட்டேனா, மழை பெய்கிறதா, மோட்டாருக்கு எண்ணெய் மாற்றினேனா, எது வேண்டுமானாலும் கேள். எனக்கு அந்த அரை நிமிடம் போதும்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு ஒரு போன் செய். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அம்மாவின் வாக்கியத்திலிருந்து மகனை எடுத்துவிட்டால் உன்னுடையது வந்துவிடும், அதைச் சொல். "சாயா தா போலே பெனிசிலின்." எனக்குப் பெனிசிலின் ஆகாது. அதை உன் வாயால் ஒரு தடவை நான் கேட்டுவிட வேண்டும். சொல்லிவிட்டு வேலை இருந்தால் வைத்துவிடு. வைக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் வீட்டில்தான் இருப்பேன், டிவியை அணைத்துவிட்டுப் பேசுவேன்.